கங்காணியின் தொந்தியும் அடுக்குமாடிப் பிள்ளையின் எடையும்



நெடுநாள் கழித்துச் சந்திக்கும் ஒருவரைப் பார்த்து "என்ன, இப்படி இளைத்துவிட்டீர்களே" என்று நாம் கேட்டால் அதில் கவலை ஒலிக்கும். "உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது" என்றால் அது பாராட்டு. மணப்பெண் பார்க்கப் போனாலும், பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போனாலும் இந்தச் சொற்கள்தாம். சதை என்பது செல்வம். எலும்பு தெரிவது வறுமை. பசியைக் கண்முன் கண்டு வாழ்ந்த மக்களின் மொழி இப்படித்தான் அமையும்.

ஆனால், மொழி நின்ற இடத்திலேயே நிற்க, உடல் வேறிடம் போய்விட்டது. நம் நாட்டுச் சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வுப்படி, 1996ஆம் ஆண்டில் பெரியவர்களுள் 4.4 விழுக்காட்டினரே உடல்பருமன் உடையோராய் இருந்தனர். 2006இல் அது 14 விழுக்காடு. 2023இல் 21.8 விழுக்காடு. கூடுதல் எடையுள்ளோரையும் சேர்த்தால் பாதிக்கு மேல். 2019ஆம் ஆண்டு ஆய்வில் இன வாரியான கணக்கும் உண்டு. நாட்டு அளவில் கூடுதல் எடையோ பருமனோ உடையவர் 50.1 விழுக்காடு, இந்தியரிடையே 63.9 விழுக்காடு. இனிப்புநீர் நோய் நாட்டு அளவில் 18.3 விழுக்காடு, இந்தியரிடையே 31.4 விழுக்காடு. அதாவது, பெரியவர் மூவரில் ஒருவருக்கு ஏறக்குறைய இனிப்புநீர்.

இந்த எண்களைப் படித்ததும் நம்மவர் பலர் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு. ஆசிரியர் அறையிலேயே நான் பலமுறை கேட்டிருக்கிறேன். "சோற்றுக்கே இல்லை என்கிறார்கள், பிள்ளையைப் பாருங்கள், உருண்டு வருகிறான்!" ஏழை என்றால் மெலிந்திருக்க வேண்டும், பருத்திருந்தால் ஏழை அல்லன், அல்லது பொறுப்பில்லாதவன் என்பது இதன் உட்பொருள். இந்தப் பேச்சு எனக்கு ஒப்பவில்லை. வசதியுள்ளவனிடம் இருந்த தொந்தி எப்படி வசதியற்றவனிடம் வந்து சேர்ந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதன் பெரும்பகுதி இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே நடந்தது.

தோட்டத்தில் யாருக்குத் தொந்தி இருந்தது?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிள்ளான் வட்டாரத்தில் காப்பி போய் ரப்பர் வந்தது. கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் சேர்த்துக் கப்பலேற்றினர். தோட்டத்து வாழ்வின் அடுக்குமுறையை அங்கிருந்த உடல்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். பால்வெட்டுக்குப் போகிறவர் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நானூறு ஐந்நூறு மரங்களைச் சுற்றி வந்து, வாளி சுமந்து, வெயில் ஏறிய பின்தான் லயத்துக்குத் திரும்புவார். கிராணி நிழலில் இருந்து கணக்கெழுதுவார். பெரிய கங்காணிக்குத் தமக்குக் கீழ் வேலைக்கு வரும் ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்காசு உண்டு; நடப்பது அவர்கள், காசு அவருக்கு. பழைய நிழற்படங்களில் கோட்டும் தலைப்பாகையுமாய் நாற்காலியில் அமர்ந்திருக்கும் கங்காணிகளின் வயிற்றையும், பின்னால் நிற்போரின் விலா எலும்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறு சான்று வேண்டியதில்லை.

தொழிலாளிக்கு உணவு என்பது அரிசி; அதற்கு மேல் பருப்பு, கருவாடு, கொஞ்சம் காய்கறி. கொக்கிப்புழுவும் மலேரியாவும் அந்தச் சோற்றில் கிடைத்த சத்தையும் உறிஞ்சின. ஆனாலும் அந்தச் சோற்றில் ஒரு சிறப்பு இருந்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நம் பாட நூல்களில் வராத செய்தி இது.

புழுங்கலரிசி காத்த கதை

அக்காலத்தில் மலாயாவைப் பெரிபெரி என்னும் நோய் ஆட்டிப் படைத்தது. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் நின்று ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்கள். அதே ஊரில், அதே மழையில், அவர்களைவிடக் குறைந்த கூலிக்கு உழைத்த தமிழர்களை அந்நோய் ஏறத்தாழத் தொடவே இல்லை. ஏன்? காற்றா, கிருமியா, குருதியா என்று பலரும் பலவாறு ஊகித்தனர். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர், இரு சாராரும் உண்ணும் அரிசி வேறு என்பதைக் கவனித்தார். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்திய புழுங்கலரிசி.

1905ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் பெரிபெரி பரவியபோது, வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் அங்கிருந்தவர்களை இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவினர்க்குச் சயாம் பச்சரிசி, மற்றொரு பிரிவினர்க்கு இந்தியப் புழுங்கலரிசி. பச்சரிசி உண்டவர்களில் பலரை நோய் பற்றியது. 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டவர்களில், வரும்போதே நோயோடு வந்த இருவரைத் தவிர எவருக்கும் வரவில்லை. இந்த முடிவு 1907இல் இலண்டனின் லான்செட் இதழில் வெளியாயிற்று. (வாய் திறந்து மறுக்க முடியாத நோயாளிகளைக் கொண்டு இப்படிச் சோதனை செய்ததை இன்று எந்த அறக்குழுவும் ஏற்காது.) அடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசரும் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட்ட சாவகத் தொழிலாளர்களிடையே இதே உண்மையை உறுதி செய்தனர். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. வைட்டமின் என்னும் சொல்லே 1912இல்தான் பிறந்தது. அதற்கு முன்பே, அவிப்பதற்கு விறகும் பொழுதும் செலவிட்ட நம் கிழவிகள் அந்த வேலையைச் செய்து வைத்திருந்தனர்.

இதை நான் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. ஏழையின் தட்டில் எது விழுகிறது என்பது அவனுடைய அறிவையோ ஒழுக்கத்தையோ பொறுத்ததன்று; எந்தச் சரக்கு எந்தக் கப்பலில் என்ன விலைக்கு வருகிறது என்பதைப் பொறுத்தது. சீனத் தொழிலாளி அறிவில்லாமல் பச்சரிசி உண்ணவில்லை. கடையில் கிடைத்தது அது. நாளடைவில் நம் வீடுகளிலும் வெள்ளை அரிசியே நிலைத்தது. இன்று பிரிக்பீல்ட்ஸ் வாழையிலை உணவகங்கள் சிலவற்றில் "வெள்ளைச் சோறா, புழுங்கலா?" என்று கேட்கிறார்கள். புழுங்கல் கேட்பவர் பெரும்பாலும் மருத்துவர் சொல்லி வந்தவராக இருப்பார்.

கூலியும் கலோரியும்

இருபதுகளில் இந்தியக் குடியேற்றக் குழு தோட்டத் தொழிலாளியின் குடும்பச் செலவைக் கணக்கிட்டு அதன்படி அடிப்படைக் கூலியை வகுத்தது. எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, எவ்வளவு எண்ணெய் என்று பட்டியலிட்டு அதற்கேற்பக் காசு. உயிரோடு இருந்து மறுநாள் வேலைக்கு வர எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. பெண்ணுக்கு அதிலும் குறைவு. பொருளாதார மந்தத்தில் அந்தக் கூலியும் வெட்டப்பட்டது. நிலைமையைப் பார்க்க இந்திய அரசு அனுப்பிய வி. எஸ். சீனிவாச சாஸ்திரி, 1937இல் தம் அறிக்கையை அளித்தார். ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் மீண்டும் தரவேண்டும் என்பது அவர் பரிந்துரை. பெண்ணின் வயிறு ஆணின் வயிற்றில் ஐந்தில் நான்கு பங்கு என்று எவர் அளந்தாரோ தெரியவில்லை! கருவுற்றவளுக்கும் அதே அளவுதான். மறு ஆண்டில் இந்திய அரசு, உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தையே நிறுத்தியது.

1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. ஆர். எச். நாதன் தலைமையில் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் அதை நடத்தியது. சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி வேண்டும், தோட்டத்துக் கள்ளுக்கடையை மூட வேண்டும், துரையைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றெல்லாம் கேட்டனர். மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். பிறகு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். தோட்டத் தமிழன் குடித்தே அழிகிறான் என்று எழுதிக்கொண்டிருந்தவர்கள், கள்ளுக்கடையை மூடச் சொல்லி அதே தமிழன் தெருவுக்கு வந்ததை எப்படி விளக்கினார்கள் என்று அறிய ஆவல்.

அதன்பின் சப்பானியர் காலம். பர்மா அரிசி நின்றது. மரவள்ளிக் கிழங்குதான் காலை, பகல், இரவு. ஆண்களைச் சயாம் மரண இரயில் பாதைக்குப் பிடித்துச் சென்றனர். என் பாட்டியார் இறுதி வரை மரவள்ளியைத் தொடமாட்டார். "அத எங்கிட்ட காட்டாதே" என்பார். அந்த ஆண்டுகளில் கருவில் இருந்தவர்களையும் கைக்குழந்தையாய் இருந்தவர்களையும் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

டின் பால்

பால்வெட்டுக்குப் போகும் தாய், பச்சைக் குழந்தையை ஆயா கொட்டகையில் விட்டுத்தான் போக வேண்டும். விடியுமுன் போனால் நண்பகல் வரை முலைப்பால் இல்லை. அந்த இடைவெளியில் நுழைந்தது டின் பால். இன்று நெஸ்லே என்று நாம் அறியும் நிறுவனம், 1912இல் பினாங்கில் ஆங்கிலோ-சுவிஸ் கெட்டிப்பால் நிறுவனமாகத் தொடங்கி, 1939இல் கோலாலம்பூருக்கு விரிந்து, 1962இல் பெட்டாலிங் ஜெயாவில் ஆலை கட்டியது. அந்த 1939ஆம் ஆண்டிலேயே, சிங்கப்பூரில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், ரோட்டரி சங்கத்தில் ஆற்றிய உரைக்குப் "பாலும் கொலையும்" என்று தலைப்பிட்டார். சர்க்கரை கலந்த கெட்டிப்பாலைக் குழந்தை உணவென்று விற்பது கொலைக்கு ஒப்பானது என்பது அவர் வாதம். குழந்தை மருத்துவம் படிப்போர் இன்றும் அந்த உரையைக் குறிப்பிடுவர்.

டின் பால் ஏன் இத்தனை எளிதில் வென்றது? கெடாது. குளிர்பெட்டி வேண்டாம். கடன் நோட்டில் எழுதிக் கடையில் வாங்கலாம். கடுங்காப்பியில் ஒரு கரண்டி விட்டால் பசி அடங்கும். மரத்துக்கு மரம் நடப்பவனுக்கு அந்தச் சர்க்கரை கேடு செய்யவில்லை. சொல்லப்போனால் அவனை நிறுத்தி வைத்ததே அதுதான். பால் போட்ட இனிப்புத் தேநீர், எண்ணெயில் பொரித்த கருவாடு, தட்டு நிறையச் சோறு ஆகியவை உழைக்கும் உடலுக்கு ஏற்ற எரிபொருள். உழைப்பு நின்ற நாளில்தான் கணக்கு மாறியது.

தோட்டம் காலியான ஆண்டுகள்

இப்பகுதியை நான் நூலில் படித்ததைக் காட்டிலும் நேரில் கண்டது அதிகம். 1980 முதல் 2000 வரை, நாடு முழுவதும் ஏறக்குறைய மூன்று இலட்சம் இந்தியர் தோட்டங்களை விட்டு வெளியேற நேர்ந்தது என்று பொதுவாகக் கணக்கிடுவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்பு வந்தது. சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவாயிற்று. எபிங்ஹாம் தோட்டம் பண்டார் உத்தாமாவாயிற்று. நார்த் ஹம்மோக் தோட்டத்தில் இன்று செத்தியா ஆலம் நிற்கிறது. புக்கிட் ஜாலில் தோட்டத்து நிலத்தில் 1998 காமன்வெல்த் போட்டிகளுக்காகத் தேசிய விளையாட்டரங்கம் எழுந்தது. காலமெல்லாம் நடந்தே வாழ்ந்த மக்களை நகர்த்திவிட்டு, நாடு ஓடி விளையாட இடம் அமைத்தது.

போனவர்கள் எதை இழந்தனர் என்பதைக் கூலியில் மட்டும் எண்ணிப் பார்த்தல் போதாது. லயத்தின் பின்னால் முருங்கை நின்றது. வெண்டை, கத்தரி, கீரைப் பாத்தி இருந்தது. பலர் மாடு வளர்த்தனர். ஆடும் கோழியும் இருந்தன. இவை எதுவும் சம்பளச் சீட்டில் வந்ததில்லை. ஆகவே, இழப்பீடு பேசியபோது எவரும் இவற்றைக் கணக்கில் கொள்ளவில்லை. முதலில் புறம்போக்குக் கம்பங்கள். பின்பு 700 சதுர அடி அடுக்குமாடி வீடுகள். பதினைந்தாம் மாடியில் கீரைப் பாத்தி போட முடியுமா? மாட்டைத்தான் மின்தூக்கியில் ஏற்ற முடியுமா?

வேலையும் மாறியது. பால் வெட்டியவர் பாதுகாவலராகி நாற்காலியில் பன்னிரண்டு மணி நேரம் அமர்ந்தார், லாரி ஓட்டினார். பெண்கள் ஷா ஆலம், பெட்டாலிங் ஜெயா மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு மூன்று வேளை மாற்றுப் பணியில் போயினர். உண்ணும் அளவு பழைய அளவாகவே இருந்தது. விலையோ மாவு, சர்க்கரை, எண்ணெய் ஆகிய மூன்றையும் நோக்கித் தள்ளியது. அரசு ஏழைகளின் மேல் கொண்ட அக்கறையால்தான் இம்மூன்றுக்கும் விலைக் கட்டுப்பாடும் மானியமும் வைத்திருந்தது. சர்க்கரை மானியம் 2013 அக்டோபரில்தான் நீக்கப்பட்டது. இனிப்புப் பானங்களுக்கு வரி 2019 சூலையில் வந்தது. கீரைக்கும் மீனுக்கும் அத்தகைய மானியம் இருந்ததில்லை. ஒரு வெள்ளிக்கு அதிகம் வயிறு நிரம்புவது எதில் என்று பார்த்து வாங்குகிறவர் முட்டாள் அல்லர், கணக்குத் தெரிந்தவர்.

என் வகுப்பு மாணவனின் தாயாரிடம் ஒருமுறை உணவைப் பற்றிப் பேசினேன். அவர் சற்றும் கோபப்படாமல் சொன்னார்: "என்ன செய்யச் சொல்றீங்க ஐயா? அஞ்சு மணிக்கு பேக்டரி பஸ் வந்துரும். நாசி லெமாக் வாங்கி மேசையில வச்சிட்டுப் போயிருவேன். சாயங்காலம் வந்து சமைக்கிறதுக்குள்ள அவனே மெகி போட்டுச் சாப்புட்டுருவான். கீழ விளையாடப் போகாதேன்னு நாந்தான் சொல்லிருக்கேன், அங்க பையனுங்க சரியில்ல." இதில் எந்த வரியைத் திருத்துவது? நான் எதையும் திருத்தவில்லை.

உலகம் கண்டுகொண்டது

இப்போக்கு நமக்கு மட்டும் உரியதன்று. 1965இல் ஸ்டன்கார்டு என்னும் அமெரிக்க மருத்துவரும் உடன் ஆய்ந்தவர்களும் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் ஒரு செய்தியை வெளியிட்டனர். வசதி குறைந்த பெண்களில் 30 விழுக்காட்டினர் பருமனாயிருந்தனர். வசதி மிக்க பெண்களில் 5 விழுக்காட்டினரே. பின்னர் 1989இல் சோபலும் ஸ்டன்கார்டும் உலகெங்கும் நடந்த 144 ஆய்வுகளைத் தொகுத்தனர். பணக்கார நாடுகளில் ஏழைப் பெண்கள் பருமன். வளரும் நாடுகளிலோ நேர்மாறாக, வசதியுள்ளவரே பருமன் என்று கண்டனர். நம் கங்காணி அந்த இரண்டாம் வகையில் அடங்குகிறார்.

பதினைந்து ஆண்டுகளுக்குள் படம் மாறிவிட்டது. 2004இல் பிரேசில் நாட்டு மொன்டெய்ரோவும் அமெரிக்கரான பாப்கினும் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதியபோது, வளரும் நாடுகளிலும் பருமன் ஏழைகளை நோக்கி நகர்வதைக் காட்டினர். அந்த மாற்றம் முதலில் பெண்களிடம் நிகழ்கிறது. தனிநபர் தேசிய வருமானம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 அமெரிக்க டாலரை எட்டும் கட்டத்தில் நிகழ்கிறது என்பது அவர்கள் கணிப்பு. நம் நாடு அந்த வரம்பைத் தாண்டியது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். தோட்டங்கள் காலியானதும் அப்போதுதான். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததைத் தற்செயல் என்று என்னால் கொள்ள முடியவில்லை.

தமிழ்நாட்டோடு ஒப்பிட்டால் இது விளங்கும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ பருமனோ உடையவர். இந்திய அளவில் 24 விழுக்காடு. ஆயினும் இந்தியாவில் இன்னும் பொதுவாக வசதி கூடக் கூட எடை கூடுகிறது. வயலில் நாற்று நடுபவள் அங்கே இன்னும் மெலிந்தவள். நடுத்தர வருமான நாடுகளில் ஆண்களிடையே நிலை கலப்பாக உள்ளது. பெண்களிடையே வசதி குறைந்தோர் பக்கமே பருமன் சாய்கிறது. ஆணின் தொந்தி இன்னும் கொஞ்சம் மரியாதைக்குரியது போலும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். மலேசிய இந்தியர் எல்லாரும் ஏழைகள் அல்லர். வழக்கறிஞரும் மருத்துவரும் வணிகரும் அந்த 63.9 விழுக்காட்டில் உண்டு. வகுப்புநிலை மட்டும் எல்லாவற்றையும் விளக்கிவிடாது.

உடல் எழுதி வைத்த கணக்கு

ஆகவே, உடலுக்குள் உள்ள காரணத்தையும் பார்க்க வேண்டும். 1944-45 குளிர்காலத்தில் செருமானியர் முற்றுகையால் நெதர்லாந்து பட்டினி கிடந்தது. அப்போது கருவின் முற்பகுதியில் இருந்த ஆண் பிள்ளைகள் 19 வயதில் மற்றவரைவிட அதிகம் பருமனாய் இருந்ததை 1976இல் கண்டறிந்தனர். 1992இல் ஹேல்ஸ், பார்க்கர் எனும் இருவர், கருவில் பசித்த உடல் சிக்கனத்துக்குப் பழகிவிடுகிறது. பிற்காலத்தில் உணவு பெருகினால் அந்தச் சிக்கனமே இனிப்புநீராய் முடிகிறது என்று விளக்கினர். புனே நகர மருத்துவர் யாஜ்னிக், இந்தியக் குழந்தைகள் எடை குறைந்து பிறந்தாலும் கொழுப்பு குறையாமல் பிறப்பதைக் காட்டினார். 2004இல் அவரும் ஆங்கிலேயரான யட்கினும் தங்கள் படத்தையே லான்செட்டில் வெளியிட்டனர். இருவருக்கும் உடல் நிறை எண் ஒன்றே, 22.3. ஆனால் உடல் கொழுப்பு ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, நம்மவருக்கு 21.2! அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவன வல்லுநர் குழு, ஆசியர்க்கு 23லிருந்தே எச்சரிக்கை தொடங்க வேண்டும் என்றது.

மரவள்ளிக் காலத்தில் கருவில் இருந்தவர்களைப் பற்றி மேலே குறிப்பிட்டேன். 1943இல் பிறந்தவருக்கு 1993இல் வயது ஐம்பது. தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்தபோது அவர் அந்த வயதில் இருந்தார். அவர் தாய் உண்டது ஐந்தில் நான்கு பங்குக் கூலியில், பிறகு கிழங்கு. சிக்கனம் கற்ற உடல், நடை நின்ற வாழ்வு, மலிவான சர்க்கரை மூன்றும் அவரிடம் ஒன்றாய்ச் சந்தித்தன. கால் விரல் எடுத்த தாத்தாக்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

ஒரே வீட்டில் இரண்டும்

2018இல் யுனிசெப் நிறுவனம் கோலாலம்பூர், சிலாங்கூர் வட்டாரத்தின் மலிவு விலை அடுக்குமாடிகளில் நடத்திய ஆய்வை வெளியிட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். 23 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ பருமனோ உடையவர். பத்தில் ஒரு பிள்ளை நாளைக்கு மூன்று வேளையும் உண்பதில்லை. நல்ல உணவு சமைக்கத் தடையாய் இருப்பது விலையே என்று கூறிய குடும்பங்கள் 97 விழுக்காடு. குட்டையும் பருமனும் ஒரே மாடியில், சில வேளை ஒரே பிள்ளையிடம்.

நம் பள்ளிகளில் கூடுதல் உணவுத் திட்டம் 1976இல் சில மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கி, 1979இல் நாடெங்கும் வந்தது. பசித்த பிள்ளைக்குக் காலையுணவு என்பது அதன் நோக்கம். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் அது எத்தனை பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைத்தது என்பதை மூத்த ஆசிரியர்கள் அறிவர். 2008இல் செகாக் உடற்றகுதித் தேர்வு வந்தது. எடையும் உயரமும் அளந்து எண் எழுதுகிறோம். ஒரு கோப்பு பசிக்காக, மறுகோப்பு பருமனுக்காக. இரண்டிலும் ஒரே பெயர் இருப்பதை நான் பார்க்கிறேன். அப்படிப் பார்த்தால் முரண்பாடு என்று எண்ணி உணவுப் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிட வேண்டாம் என்பது உடன் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள். எண்ணைப் பார்க்குமுன் உயரத்தைப் பாருங்கள். வயதுக்கு உயரம் குறைந்த பிள்ளைக்குச் சற்று எடை கூடினாலும் நிறை எண் ஏறிவிடும். அதற்கு மருந்து சோற்றைக் குறைப்பதன்று, முட்டையும் மீனும் காயும் சேர்ப்பது. வகுப்பு முன்னிலையில் எடையைச் சத்தமாகப் படிக்கும் வழக்கத்தையும் நான் நிறுத்திவிட்டேன். பெண் பிள்ளைகள் மறுநாள் காலைப் பசியாறாமல் வருவதற்கு அது ஒன்றே போதும்.

கள்ளுக்கடையைப் பற்றி இங்கே ஒரு வரியில் கடந்துவிட்டேன். அதன் வரவு செலவு தனிக் கட்டுரைக்கு உரியது. அடுத்த பள்ளி விடுமுறையில் எழுதுகிறேன்.